முந்நூற்று அறுபத்தொரு பற்கள்

போளூரில் நான் வேலை பார்த்த கியர் பட்டறை புதுக் கட்டடத்துக்கு மாறியிருக்கிறது. வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் வெண்கலத்தில் ஒரு பெரிய பல்சக்கரம். கீழே பித்தளைத் தகட்டில், "ஜவ்வாது மலைத் தொலைநோக்கிக்காக நாங்கள் வெட்டிய 359 பல் சக்கரம்" என்று பொறித்திருக்கிறார்கள். அது பொய். அந்தச் சக்கரத்தில் 361 பற்கள் இருக்கின்றன.

திறப்பு விழாவிலேயே சொன்னேன். சின்ன முதலாளி சிரித்தார். "ரெண்டு பல்லுதானேம்மா, யாரு எண்ணப் போறாங்க?" என்றார். சுற்றி நின்ற இளம் பொறியாளர்களும் சிரித்தார்கள். ஒரு பெண் மட்டும் பிறகு தனியாக வந்து, "ஏன் மேடம் 359? சுலபமா 360 வெச்சிருக்கலாமே?" என்று கேட்டாள். உருப்படியான கேள்வி. நம் ஐடிஐ பழைய மாணவர் மலருக்கு எழுதச் சொல்லி ரொம்ப நாளாகக் கேட்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கான பதிலையே கட்டுரையாக எழுதுகிறேன். ஊக்கம் தரும்படி எழுதச் சொன்னார்கள். அதற்கு வேறு ஆளைப் பாருங்கள்.

என் பெயர் கஜலட்சுமி. கலசப்பாக்கத்துக்குப் பக்கத்துக் கிராமம். ஃபிட்டர் படித்தேன், வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். பட்டறையில் சேர்ந்தபோது மிஷினைத் தொட விடவில்லை. இன்ஸ்பெக்ஷன் மேஜையில் உட்கார வைத்தார்கள். வெட்டி வரும் கியரை அளந்து, சரி என்றால் பச்சை, தப்பு என்றால் சிவப்பு பெயின்ட் வைக்க வேண்டும். ஓய்வு பெறும்வரை அதுதான் வேலை. சிவப்பு வைத்த நாளெல்லாம் திட்டு வாங்கினேன். வைப்பதை நிறுத்தவில்லை.

எங்கள் ஃபோர்மேன் ஜெயராமன் சார். காதில் எப்போதும் சாக்பீஸ் செருகியிருப்பார். குரலை உயர்த்த மாட்டார். தப்பான வேலையை வாங்கிப் பார்த்து, செய்தவன் காலடியில் மெதுவாக வைத்துவிட்டுப் போவார். எறிய மாட்டார். வைப்பார். அதற்கு எறிந்திருந்தால் பரவாயில்லை என்றிருக்கும். கணக்கை எல்லாம் பட்டறையின் தகரக் கதவில்தான் போடுவார். பல் வெட்டும் ஆட்களுக்கு அவர் போட்ட சட்டம் ஒன்று: "எண்ணாத. எண்ணுறவன் தப்பு பண்ணுவான். ஓட்டைய நம்பு." இந்தச் சட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பல் வெட்ட டிவைடிங் ஹெட் என்ற பெட்டி உண்டு. அதன் கைப்பிடியை நாற்பது சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். கைப்பிடிக்குப் பின்னால் வட்ட வட்டமாக ஓட்டை போட்ட ஒரு தட்டு. இத்தனை ஓட்டை தள்ளிக் கைப்பிடியின் முளையைச் செருகினால் சக்கரம் ஒரு பல் நகரும். வெட்டு. அடுத்த ஓட்டை. வெட்டு. எண்ண வேண்டியதே இல்லை. ஆரம்பத்தில் முதல் பள்ளத்தில் நீல மை தடவி வைப்போம். சுற்றி முடித்துத் திரும்பி வரும்போது வெட்டுக்கத்தி அந்தப் பள்ளத்துக்குள் இறங்கும். நீலம் சுரண்டப்படாமல் இறங்கினால் "பூட்டு விழுந்தது" என்போம். ஓர் ஓட்டை தப்பியிருந்தாலும் பூட்டு விழாது, நீலம் ஒரு பக்கம் வழிக்கப்பட்டு வெண்கலம் பல்லிளிக்கும்.

ஒரு நாள் ஒரு தனியார் கல்லூரியின் பேராசிரியர் வந்தார். மலைமேல் சின்னதாக ஒரு தொலைநோக்கி வைக்கிறார்களாம். நட்சத்திரத்தைப் படம் எடுக்க வேண்டுமானால் அது நகரும் வேகத்துக்குத் தொலைநோக்கியும் நகர வேண்டும். அதற்குச் சக்கரம் வேண்டும். சூரியனை வைத்துப் பார்த்தால் ஒரு நாளுக்கு 86,400 விநாடி. நட்சத்திரத்தை வைத்துப் பார்த்தால் நாலு நிமிடம் குறைவு. 86,164 விநாடி. அந்த எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, "முடியுமா சார்?" என்றார்.

ஜெயராமன் சார் தகரக் கதவில் அதை எழுதி உடைக்க ஆரம்பித்தார். இரண்டால் உடைந்தது. மறுபடி இரண்டால். பிறகு மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று எதற்கும் மசியவில்லை. பதின்மூன்றால் உடைந்தது. மிச்சம் 1657. அதோடு ஒரு மதியம் முழுக்க மல்லுக்கட்டினார். பதினேழு, பத்தொன்பது, இருபத்து மூன்று என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, நாற்பத்தொன்றில் நிறுத்தினார்.

"இதுக்கு மேல போட வாணாம். நாப்பத்தொண்ண நாப்பத்தொண்ணால பெருக்கினாலே இத தாண்டிடுது. இது உடையாது கஜா. பகா எண். 86,400 எவனுக்கும் வளைஞ்சு குடுக்கும். இது கல்லு."

எண் உடைந்தால் சின்னச் சக்கரங்களாகப் பிரித்துக்கொள்ளலாம், உடையாவிட்டால் அத்தனை பல்லும் ஒரே சக்கரத்தில் வேண்டும். 1657 பல் வெட்டும் அளவுக்கு எங்களிடம் மிஷினும் இல்லை, அவ்வளவு பெரிய சக்கரத்தை வைக்க அவர்களிடம் இடமும் இல்லை. மறுநாள் விநாடியை விட்டுவிட்டு நிமிடத்தில் யோசித்தார். 1436 நிமிடம், நாலு விநாடி. அந்த நாலு விநாடியைத் தாங்கிக்கொள்வேன் என்றார் பேராசிரியர். 1436 என்பது நாலு பெருக்கல் 359. நாலு நிமிடத்துக்கு ஒரு பல் தள்ளும் மோட்டார் அவரிடமே இருந்தது. ஆகவே 359 பல். 360 பல் வெட்டியிருந்தால் அது சூரியனோடு போகும். ஒரே ஒரு பல் குறைத்தால் நட்சத்திரத்தோடு போகும். தங்கச்சி, உன் கேள்விக்குப் பதில் இதுதான்.

ஆனால் 359உம் பகா எண். 360 என்றால் தட்டில் பதினெட்டு ஓட்டை வட்டத்தில் இரண்டு ஓட்டை தள்ளினால் போதும். 359க்கு 359 ஓட்டை உள்ள வட்டம் வேண்டும். அப்படித் தட்டு எங்களிடம் இல்லை. அதற்கு ஒரு வழி உண்டு. 360க்கு வைத்துக்கொண்டு, ஓட்டைத் தட்டையும் சக்கரத்தோடு சில கியர்களால் கோத்துவிட வேண்டும். சக்கரம் ஒரு முழுச் சுற்று வருவதற்குள் தட்டு சரியாக ஒரு பல்லுக்கான அளவு மெதுவாக ஊர்ந்திருக்கும். கைப்பிடி போகும் திசையிலேயே ஊர்ந்தால் 359. எதிர்த் திசையில் ஊர்ந்தால் 361. எந்தத் திசை என்பது நடுவில் ஐட்லர் என்கிற வெறும் கியர் ஒன்று போடுகிறோமா இரண்டு போடுகிறோமா என்பதைப் பொறுத்தது. செட்டிங்கை ஜெயராமன் சார் தானே செய்தார். புத்தகத்தின் அட்டவணையைப் பார்த்து இரண்டு ஐட்லர் போட்டார்.

வெட்டியது வெள்ளையன். ஜவ்வாது மலைக்காரன். அந்தத் தொலைநோக்கிக் கூண்டு கட்டிக்கொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்து ஊர்தான் அவனுக்கு. எங்கள் பட்டறையில் மலையிலிருந்து வந்தவன் அவன் ஒருவன்தான். பல் வெட்டும் மில்லிங் மிஷினில் அவன் கைக்கு நிகர் கிடையாது. அப்போதைய முதலாளி அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "டேய் மலை!" என்பார். அவர் போன பிறகு வெள்ளையன் எங்களிடம், "தரை கூப்புடுது, இன்னான்னு கேட்டுட்டு வர்றேன்" என்பான்.

அந்தச் சக்கரத்தை வெட்டியபோது மட்டும் விளையாட்டுப் பேச்சு இல்லை. சாமைச் சோற்றுத் தூக்கைக்கூட மிஷின் பக்கத்திலேயே வைத்துக்கொண்டான். "எங்க ஊர்ல எல்லார்ட்டயும் சொல்லிக்கிறேன்க்கா. அந்த முட்டைக்குள்ள சுத்தறது நான் வெட்ன சக்கரம்னு" என்றான். மலைக்காரர்கள் அந்த வெள்ளைக் கூண்டுக்கு முட்டை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

கடைசி வெட்டு வந்தபோது எல்லாரும் மிஷினைச் சுற்றி நின்றோம். கத்தி முதல் பள்ளத்துக்குள் இறங்கியது. ஜெயராமன் சார் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். நீலம் இரண்டு பக்கமும் அப்படியே இருந்தது. பூட்டு விழுந்தது. வெள்ளையன் கண்ணைத் துடைத்துக்கொண்டான், எண்ணெய் பட்டுவிட்டது என்றான். பல்லின் ஆழம், அகலம், வட்டத்தின் ஓட்டம் எல்லாம் அளந்தேன். அவ்வளவு சுத்தமான வெட்டு என் மேஜைக்கு அதற்கு முன் வந்ததில்லை.

"எண்ணிடட்டுமா சார்?" என்றேன்.

"நீலம் அழியல. அதுக்கு மேல இன்னா சாட்சி வேணும் உனக்கு?"

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். "ஜீப் நிக்குதும்மா. எண்ணிகினு இருந்தா எப்ப அனுப்பறது?"

சக்கரம் மலையேறியது.

சில வாரம் கழித்துப் பேராசிரியர் சக்கரத்தையும் ஒரு படத்தையும் கொண்டுவந்தார். நட்சத்திரங்கள் புள்ளியாக விழ வேண்டிய இடத்தில் எல்லாம் கோடு கோடாக விழுந்திருந்தன. தொலைநோக்கி மெதுவாகப் போகிறது, ஒரு மணி நேரத்தில் நிலாவின் அகலத்தில் ஆறில் ஒரு பங்கு பின்தங்குகிறது என்றார். நல்ல மனிதர், கத்தவில்லை. கத்துகிற வேலையை முதலாளி எடுத்துக்கொண்டார்.

"மலைக்காரன் கையில குடுத்தா வேற இன்னா ஆவும்? விரலு பத்துக்கு மேல எண்ணத் தெரியுமாடா உனக்கு? நாளையிலேர்ந்து இந்தப் பக்கம் வராத!"

வெள்ளையன் ஜெயராமன் சாரைப் பார்த்தான். அவர் படத்தைப் பார்த்துக்கொண்டே, "ஓட்டை தாண்டியிருப்பான்" என்றார்.

"தாண்டல சார்" என்றான் வெள்ளையன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஓட்டை தாண்டியிருந்தா பூட்டு எப்படி சார் விழுந்துச்சு? ஒரு மத்தியானம் குடுங்க, பார்த்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் அவன் எங்கயும் போவ மாட்டான்" என்று சக்கரத்தை என் மேஜைக்குத் தூக்கிவரச் சொன்னேன். வெள்ளையன் வாசல் பக்கம் போய் ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டான்.

முதலில் பத்துப் பத்தாகச் சாக்பீஸால் கோடு போட்டு எண்ணினேன். முப்பத்தாறு பத்து, ஒன்று மிச்சம். 361. தப்பாக எண்ணிவிட்டேன் என்று அழித்துவிட்டு வேறு இடத்திலிருந்து எண்ணினேன். மறுபடியும் 361. இரண்டு பல் அதிகம். ஆனால் எல்லாப் பல்லும் ஒரே அகலம். திரும்பத் திரும்ப அளந்தும் எங்கேயும் ஒரு பருமனான பல் இல்லை, ஒரு நோஞ்சான் பல் இல்லை. அப்போதுதான் உறைத்தது. 360க்கு இந்தப் பக்கம் ஒன்று தள்ளினால் 359, அந்தப் பக்கம் ஒன்று தள்ளினால் 361. இது கை தவறி வந்த எண் இல்லை. தட்டு திசை மாறி ஊர்ந்தால் மட்டுமே வருகிற எண்.

ஆனால் நான் எண்ணினேன் என்று சொன்னால் முதலாளி நம்ப மாட்டார். அத்தனை பல்லில் ஒன்றிரண்டு முன்னே பின்னே போவது சகஜம் என்பார். எண்ணிக்கை வேண்டாத ஒரு சாட்சி வேண்டும். அதையும் ஜெயராமன் சார்தான் எப்போதோ எனக்குச் சொல்லியிருந்தார். பகா எண் சக்கரத்தில் எத்தனை பல்லுக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டு போனாலும் ஒரே சுற்றில் ஆரம்பித்த கோட்டில் வந்து முடியாது, எங்கேயாவது இடறும். 361 பகா எண் இல்லை. அது பத்தொன்பது பெருக்கல் பத்தொன்பது.

அவரைக் கூப்பிட்டேன். முதலாளியும் பேராசிரியரும் கூட வந்தார்கள்.

"சார், பத்தொம்பது பல்லுக்கு ஒரு கோடு போட்டுகினு போங்க. 359ஆ இருந்தா முதல் கோட்ட ரெண்டு பல்லு தாண்டி விழும். நீங்களே போடுங்க."

அவர் காதிலிருந்து சாக்பீஸை எடுத்தார். முதல் பல்லில் ஒரு கோடு. பத்தொன்பது தள்ளி ஒரு கோடு. அவசரப்படவில்லை. ஒவ்வொரு பல்லையும் விரல் நகத்தால் தொட்டுக்கொண்டே போனார். பாதிச் சுற்று தாண்டியதும் அவர் விரல் மெதுவானது. கடைசித் தாவலில், பதினேழாவது பல்லில் கொஞ்சம் நின்றார். பதினெட்டு. பத்தொன்பது. நகம் முதல் கோட்டின்மேல் வந்து நின்றது.



"அசட்டையில தப்பு பண்ணா ஒரு பல்லாவது காட்டிக் குடுக்கும் சார். இவ்ளோ ஒழுங்கா யாராலயும் தப்பு பண்ண முடியாது" என்றேன்.

அவர் மில்லிங் மிஷினுக்குப் போய்க் கியர் மூடியைத் திறந்தார். செட்டிங் இன்னும் பிரிக்காமல் இருந்தது. இரண்டு ஐட்லர். கைப்பிடியைச் சுற்றித் தட்டு எந்தப் பக்கம் ஊர்கிறது என்று பார்த்தார். எதிர்ப் பக்கம். அவர் பார்த்த அட்டவணை வேறு கம்பெனி டிவைடிங் ஹெட்டுக்கானது. எங்களுடையது ஏலத்தில் எடுத்த பழைய பெட்டி, உள்ளே மரை எதிர்த் திசையில் ஓடுவது. அதற்கு ஒன்றுதான் போட்டிருக்க வேண்டும். கையை வேஸ்ட் துணியில் துடைத்துக்கொண்டு வந்தார்.

"செட்டிங் என்னுது" என்றார்.

அந்த இரண்டு சொல்லுக்காக இன்றுவரை பட்டறையில் அவரைப் புகழ்கிறார்கள். அடுத்து நடந்ததை யாரும் சொல்வதில்லை.

முதலாளி கொஞ்ச நேரம் மோவாயைத் தடவிக்கொண்டு நின்றார். ஃபோர்மேனை அனுப்பினால் பட்டறையே நின்றுவிடும். பேராசிரியருக்கும் ஏதாவது காட்டியாக வேண்டும். "சரி, செட்டிங் யாருதா இருந்தா இன்னா? அத்தினி தடவ கைப்பிடிய சுத்துனவன் எண்ணியிருக்கணும் இல்ல?" என்றார்.

"எண்ணாதன்னு சட்டம் போட்டதே இங்கதான!" என்று கத்தினேன். கத்திவிட்டு ஜெயராமன் சாரைப் பார்த்தேன். அவர் போட்ட சட்டம். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். "ஆமாம், நான்தான் சொன்னேன், அவன் இருக்கட்டும்." சாக்பீஸைக் காதில் செருகிக்கொண்டார். அவ்வளவுதான். உண்மையைச் சொன்னார், அதோடு நிறுத்திக்கொண்டார். பாதி உண்மைக்கு மேல் அவருக்குத் துணிவில்லை.

பேராசிரியர், "பாவம் சார், விட்டுடுங்க" என்றார். முதலாளிக்குக் காது கேட்கவில்லை.

வாசலில் வெள்ளையன் எழுந்து நின்றான்.

"அக்கா, பூட்டு விழுந்துச்சா இல்லியா?"

"விழுந்துச்சுடா."

"பல்லு எல்லாம் ஒண்ணாக்கீதா?"

"ஒண்ணாதான் கீது."

"அப்ப சரி" என்று தூக்கை எடுத்துக்கொண்டு ஜமுனாமரத்தூர் பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

ஜெயராமன் சார் ஒரு ஐட்லரைக் கழற்றிவிட்டு அடுத்த சக்கரத்தைத் தானே வெட்டினார். இந்த முறை எண்ணச் சொன்னார். 359. அதுதான் இன்றும் மலையில் சுற்றுகிறது. பழைய சக்கரம் ஸ்டோர் சுவரில் தொங்கியது. இப்போது கண்ணாடிப் பெட்டிக்கு வந்திருக்கிறது, அதன் தம்பியின் பெயரை ஒட்டிக்கொண்டு.

ஜெயராமன் சார் இறந்துவிட்டார். அவரிடம் கற்றுக்கொண்டது நிறைய. ஆனாலும் அந்த மத்தியானத்துக்காக அவரை நான் மன்னிக்கவில்லை. இறந்தவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று யாரும் எனக்குக் கடிதம் போட வேண்டாம். அந்தப் பழைய மிஷின்கள் போனதற்கும் நான் அழவில்லை. புது மிஷின் தானே எண்ணுகிறது, தப்பினால் திரையில் யார் செட்டிங் என்று காட்டுகிறது. அந்த ஒன்றுக்காகவே அதை வரவேற்கிறேன்.

விழா முடிந்த வாரம் மலைக்குப் போனேன். வெள்ளையன் சாமை விதைத்திருந்தான். தலை நரைத்திருந்தது. அவன் நிலத்திலிருந்து பார்த்தால் புளிய மரங்களுக்கு மேலே அந்த முட்டை தெரிகிறது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் உழுதிருக்கிறான்.

அவன் மனைவி மோர் கொடுத்தாள். "இவரு உங்ககிட்ட சொல்ல மாட்டாரு. ஊர்ல இவருக்கு இன்னா பேரு தெரியுமா? கோட்டுக்காரரு. நட்சத்திரத்த கோடாக்கி வுட்டவருன்னு. எம் பசங்கள கூட கோட்டுக்காரன் வூட்டுப் பசங்கன்றாங்க" என்றாள்.

"போவட்டும் வுடு" என்றான் அவன்.

கண்ணாடிப் பெட்டியைப் பற்றிச் சொன்னேன். நின்ற இடத்து மண்ணைக் காலால் தள்ளியபடி கேட்டான். "எம் பேரு போட்டுக்கிறாங்களா?"

"இல்ல."

"எத்தினி பல்லுன்னு போட்டுக்கீது?"

"359."

அவன் முகம் மாறியது. பெயர் இல்லை என்றபோது மாறாத முகம். "அப்ப அது ஜெயராமன் சாரு வெட்னது. என்னுது 361. ஒரு பல்லு கூட குறையாது. மாத்தச் சொல்லுக்கா."

திரும்பி வந்து சின்ன முதலாளியிடம் சொன்னேன். "361னு போட்டா தப்பா வெட்ன சக்கரத்த வாசல்ல வெச்சிருக்கோம்னு ஆயிடும்மா. இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?" என்றார். தகட்டில் ஒரு பெயர் சேர்க்க இடமில்லை என்றும் சொன்னார்.

மலரில் இடமிருக்கிறது. ஆகவே இங்கே எழுதுகிறேன். போளூர்ப் பட்டறை வாசலில் இருக்கும் வெண்கலச் சக்கரத்தின் பற்கள் 361. வெட்டியவர் ஜவ்வாது மலை வெள்ளையன். வெட்டில் குறை இல்லை. இதை என் மேஜையிலிருந்து வைக்கும் கடைசிப் பச்சையாக வைத்துக்கொள்ளுங்கள்.

நம்பாதவர்கள் அந்தப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். கையில் ஒரு சாக்பீஸ் எடுத்துப் போங்கள். எந்தப் பல்லில் வேண்டுமானாலும் ஒரு கோடு போட்டு, பத்தொன்பது பல்லுக்கு ஒரு கோடாகச் சுற்றி வாருங்கள். கடைசிக் கோடு போட உங்களுக்கு இடம் இருக்காது. அங்கே ஏற்கெனவே உங்கள் முதல் கோடு இருக்கும்.